பாதத்தில் கருப்புப் புள்ளி: லென்ஸில் பார்த்தால் போதாதா, பயாப்சி எதற்கு?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 63 வயது. மஞ்சளும் வாழையும் போடுகிறார். வயலில் பெரும்பாலும் செருப்பில்லாமல்தான் நடப்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய இடது பாதத்தில், குதிகாலுக்குச் சற்று முன்னால், மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. இப்போது அது ஐந்து ரூபாய் நாணயத்தில் பாதி அகலத்துக்கு வந்துவிட்டது. வலி, அரிப்பு எதுவும் இல்லை. மருந்துக்கடையில் கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்திரி கொடுத்தார்கள், சரியாகவில்லை. சென்ற வாரம் தோல் டாக்டரிடம் காட்டினோம். அவர் விளக்கு எரியும் ஒரு சின்ன லென்ஸை வைத்து இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு, "பயாப்சி எடுத்தாகணும், தள்ளிப் போடாதீங்க" என்றார். வீட்டில் ஒரே குழப்பம். கத்தி பட்டால் பரவிவிடும், சுண்ணாம்பு வைத்துச் சுட்டுவிடலாம் என்கிறார் மாமா. வெயிலே படாத இடத்தில் தோல் புற்றுநோய் எப்படி வரும், அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்கிறார் அப்பா. அவ்வளவு நல்ல லென்ஸ் இருக்கும்போது அதிலேயே முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாதா? ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா? எனக்குக் கன்னத்தில் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம். அம்மாவுக்கு முகமெல்லாம் சின்னச் சின்ன மரு. நாங்களும் வருடா வருடம் லென்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டுமா? அப்பாவின் பாதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு விவாதத்துக்கு உடனே தேவைப்படுவது அதுதான். பயாப்சி, அதாவது அந்த இடத்துத் தோலை எடுத்துச் சோதிப்பதை, செய்துவிடுங்கள், இந்த வாரமே. ஆறு மாதம் வேண்டாம், மஞ்சள் வெட்டு முடியட்டும் என்பதும் வேண்டாம்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. ஒரு போட்டோவை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அறுபதைத் தாண்டியவரின் உள்ளங்காலில் புதிதாக ஒரு கருப்புப் புள்ளி தோன்றி, இரண்டு வருடமாக நிற்காமல் வளர்கிறது. அதை லென்ஸ் வழியாகப் பார்த்த தோல் மருத்துவர் சந்தேகப்படுகிறார். இவ்வளவும் சேர்ந்த பிறகு காத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை.

அந்த டாக்டர் இரண்டு நிமிடத்தில் அப்படி என்னதான் பார்த்திருப்பார் என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நியாயமான சந்தேகம்தான். அவர் கையில் இருந்தது டெர்மோஸ்கோப். தோலைப் பொதுவாகப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாக்குவது மட்டும்தான் வேலை என்றால் கடையில் கிடைக்கும் பூதக்கண்ணாடியே போதும். தோலின் மேலே காய்ந்த செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது பளபளக்கும், அந்தப் பளபளப்பில் அடியில் இருப்பது மறைந்துபோகும். ஃப்ளாஷ் போட்டு நீங்கள் எடுத்த படத்தின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது இந்தப் பளபளப்புதான். ஜெல் தடவிக் கண்ணாடியைத் தோலோடு ஒட்டிவைத்துப் பார்த்தாலும் சரி, போலரைஸ்டு வெளிச்சத்தில் (ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியில்) பார்த்தாலும் சரி, பளபளப்பு அடங்கிவிடும். மேல்தோல் முழுவதும், அதன் கீழே உள்தோலின் மேற்பகுதியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது.

அப்படிப் பார்க்கும்போது நிறமே ஒரு தகவலாகிவிடுகிறது. நம் தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்ற ஒரே நிறமிதான். ஆனால் அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு நிறமாகத் தெரியும். மேலடுக்கில் இருந்தால் கருப்பு, சற்றுக் கீழே இருந்தால் பழுப்பு, உள்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல் அல்லது நீலம். வெறும் கண்ணுக்கு "ஒரு கருப்புப் புள்ளி" என்று தெரிவது, லென்ஸில் மூன்று நான்கு நிறங்களாகப் பிரியலாம். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் படிந்திருப்பது தெரியலாம். நிறம் ஒழுங்காகப் பரவியிருக்கிறதா, இல்லை தாறுமாறாகக் கிடக்கிறதா என்பதும் தெரியும்.

உள்ளங்காலுக்கு இன்னொரு தனி அடையாளம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பாவின் புள்ளிக்கு நேராகப் பொருந்துவது இதுதான். கைரேகை போலப் பாதத்திலும் ரேகைகள் இருக்கின்றன. மஞ்சள் நடப் பார் பிடித்த உங்கள் வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று வரிசையாகப் போகும். பாதத் தோலும் அதே அமைப்புதான். வியர்வைத் துளைகள் எல்லாம் மேட்டின் உச்சியில்தான் திறக்கும். லென்ஸில் அவை வரிசையாக வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், அதை வைத்து எது மேடு எது பள்ளம் என்று மருத்துவர் கண்டுபிடிப்பார். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் பேனா மையைத் தடவித் துடைத்துவிட்டுப் பார்ப்பதும் உண்டு, பள்ளத்தில் மட்டும் மை தங்கிவிடும்.

பாதத்தில் இருப்பது சாதாரண மச்சம் என்றால், நிறம் பெரும்பாலும் பள்ளத்தின் வழியே மெல்லிய கோடுகளாக ஓடும். மெலனோமா என்ற புற்றுநோய் என்றால், ஆரம்பக் கட்டத்திலேயே நிறம் மேட்டின் மேல் அகலமான பட்டைகளாகப் படிய ஆரம்பிக்கும். மச்சத்தின் நிறமிச் செல்கள் பள்ளத்துக்கு நேர் கீழேயும், மெலனோமாவின் செல்கள் மேட்டுக்கு நேர் கீழேயும் பெருகுவதுதான் காரணம். இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். அங்கே மெலனோமா வருவதே அதிகமாகப் பாதத்தில்தான், அதனால் அவர்கள் இதை உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். தொஷியாகி சைடாவும் அவருடைய குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பாதத்து, உள்ளங்கை மெலனோமாக்களில் சுமார் 86 சதவீதத்தில் இந்த மேட்டுப் பட்டை அமைப்பு இருந்தது. சாதாரண மச்சங்களில் 99 சதவீதத்தில் அது இல்லை. பழகிய கண்ணுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபட்டுவிடும், இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும்.

"அப்படியானால் லென்ஸே போதுமே" என்ற உங்கள் கேள்விக்கும் அதே எண்களில் பதில் இருக்கிறது. 86 போக மீதி 14 என்ன ஆனது? அவை மெலனோமாதான், ஆனால் அந்த அடையாளம் இல்லாதவை. இன்னொரு பக்கம், புற்றுநோயே இல்லாமல் மேட்டில் நிறம் படிவதும் உண்டு. செருப்பு அழுத்தி உள்ளே ரத்தம் கட்டினாலோ, தலைமுடிச் சாயம் பட்டாலோ அப்படித் தெரியலாம். நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களின் பாதத்தில் வயதாக ஆக இயல்பாகவே வரும் திட்டுகளிலும் சில சமயம் அப்படித் தெரிவதுண்டு. ஆகவே லென்ஸ் தரும் பதில் "இதை வெட்டிப் பார்க்க வேண்டும்", "இதை விட்டுவிடலாம்", "இதைப் படம் எடுத்துவைத்து மறுபடி பார்க்கலாம்" என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். புற்றுநோயா இல்லையா, எவ்வளவு ஆழம் என்ற தீர்ப்பை, எடுத்த தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜி மருத்துவர்தான் தர முடியும்.

அதற்காக லென்ஸைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2018-ல் ஒரு கணக்கைச் சொன்னது. புற்றுநோய் இல்லாததைத் தவறாகச் சந்தேகிப்பது வெறும் கண், லென்ஸ் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும்படி வைத்துப் பார்த்தால், 100 மெலனோமாக்களில் வெறும் கண்ணுக்கு 76 பிடிபடும், டெர்மோஸ்கோப் வைத்து நேரில் பார்த்தால் 92 பிடிபடும். அந்த 16 பேரின் உயிர் சாதாரண விஷயமில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல்காரர்களிடம் நடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றும் உண்டு. 2002-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பயிற்சி பெற்றவர் கையில்தான் இந்தக் கருவி பலன் தருகிறது, பயிற்சி இல்லாதவர் கையில் வெறும் கண்ணைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்று காட்டியது. செல்போனில் மாட்டிக்கொள்ளும் லென்ஸும், படம் எடுத்தால் பதில் சொல்லும் ஆப்பும் இப்போது நிறையக் கிடைக்கின்றன. தயவுசெய்து அவற்றை நம்பி "பயமில்லை" என்ற முடிவுக்கு வராதீர்கள். கணினிக்குப் பழக்கப் பயன்படுத்தப்பட்ட படத் தொகுப்புகளில் பெரும்பான்மை வெளிறிய தோல். நம் பாதத்தை அவை அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து அப்பாவின் கேள்வி. அவரிடம் இதைப் பொறுமையாகப் படித்துக் காட்டுங்கள். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதிகம் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் உலகிலேயே மெலனோமா மிக அதிகமாக உள்ள நாடுகள். நம்மிடம் மெலனோமா அபூர்வம், அதுவும் உண்மை. ஆனால் அப்படி அபூர்வமாக வரும்போது அது வரும் இடம் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பாதத்தின் அழுத்தம் படும் பகுதிகளில் அதிகம் வருவதைப் பார்த்து, அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். ஆப்பிரிக்கர்கள், ஜப்பானியர்கள், நாம் எல்லாருக்கும் இதே கதைதான். ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் இருந்ததைக் கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

நம் ஊரில் இந்த நோய் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தாமதத்தால். உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் முள் குத்தியது, கால் ஆணி, சேற்றுப்புண், செருப்புக் கடி என்று ஏதாவது பெயர் கிடைத்துவிடும். வலியும் இருக்காது. வலி இல்லாததால் பயமும் வராது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்றால் இன்னும் மோசம். பாதத்தில் ஆறாமல் இருக்கும் எல்லாப் புண்ணையும் "சர்க்கரைப் புண்" என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சில மெலனோமா கருப்பாகவே இருக்காது, சிவந்த சதையாக மட்டும் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும், சரியாகச் சிகிச்சை செய்தும் ஆறாத பாதப் புண்ணிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம். அதைக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவதாகாது.

கால் ஆணியில் தோல் தடித்திருக்கும், அழுத்தினால் வலிக்கும், நிறம் இருக்காது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் மேல் தோலைக் கொஞ்சம் சீவினாலே கருப்பு சீவலோடு வந்துவிடும், அல்லது சில வாரங்களில் தானாக மறையும். அப்பாவுடையது இந்த இரண்டிலும் சேரவில்லை. இரண்டு வருடம் இருந்திருக்கிறது, வளர்ந்திருக்கிறது. பாதத்தில் 7 மில்லிமீட்டரைத் தாண்டிய புள்ளி, சாதாரண மச்சத்தின் அமைப்பு லென்ஸில் தெளிவாகத் தெரியாவிட்டால், வெட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஜப்பானியர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஐந்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 23 மில்லிமீட்டராவது இருக்கும். அதில் பாதி என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாமா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தமிழ்நாடு முழுக்க இந்தப் பயம் இருக்கிறது. கத்தி பட்டுப் பரவுகிறது என்று மக்கள் நினைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. ஏற்கெனவே பரவிவிட்ட பிறகு கடைசி நேரத்தில் அறுவைக்கு வருகிறார்கள், அதன்பின் நிலைமை மோசமாகிறது, பழி கத்தி மேல் விழுகிறது. மெலனோமாவில் பயாப்சி எடுத்ததால் நோய் பரவுவதில்லை. புள்ளி பெரிதாக இருந்து அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களையும் முழுதாக எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பகுதியாக எடுத்ததால் உயிருக்கு ஆபத்து கூடவில்லை. அபாயம் கூடுவது ஆழத்தால். மெலனோமா எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற பேத்தாலஜி மருத்துவர் இதைக் காட்டினார், இன்றும் ரிப்போர்ட்டில் அவர் பெயரில்தான் அந்த அளவை எழுதுகிறோம். மேல்தோலுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்தது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தாலும் மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். அதற்கும் கீழே இறங்க இறங்க, நெறிகட்டும் இடங்களுக்கும் நுரையீரலுக்கும் போகும் வாய்ப்பு கூடுகிறது.

சுண்ணாம்பு வைத்துச் சுடுவது பற்றி எனக்கு மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை. அதைச் செய்யவே கூடாது. சுட்டால் மேலே இருக்கும் கருப்பு போய்விடும். ஆனால் அடியில் இருப்பது அங்கேயே இருக்கும். மேலே தழும்பு மூடிவிடுவதால் அதன்பிறகு லென்ஸாலும் எதையும் பார்க்க முடியாது, சோதிக்கச் சதையும் கிடைக்காது. ஆசிட் வைப்பதும் நூல் கட்டுவதும் இதே வகைதான். அழகு நிலையங்களிலும் சில கிளினிக்குகளிலும் மச்சத்தை லேசரில் எரித்துத் தருகிறார்கள். எரிக்கும் முன் யாராவது டெர்மோஸ்கோப்பில் பார்த்தார்களா? வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்களா? பெரும்பாலும் இரண்டும் நடப்பதில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெந்துபோயிருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும், நிறம் மாறிக்கொண்டிருக்கும் எந்தப் புள்ளியையும் சோதிக்காமல் எரிக்க விடாதீர்கள்.

"ஆறு மாதம் பார்க்கலாமா?" என்று கேட்டீர்கள். பார்த்திருந்து முடிவு செய்வது என்ற முறை எங்களிடமும் உண்டு. லென்ஸ் வழியாகப் படம் எடுத்துவைத்து, மூன்று மாதம் கழித்து அதே இடத்தை அதே அளவில் எடுத்து ஒப்பிடுவோம். உடம்பெல்லாம் மச்சம் உள்ளவர்களுக்கு, தட்டையாக இருந்து, பெரிய சந்தேகம் இல்லாத புள்ளிகளுக்குத்தான் அது. மாறுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படிக் காத்திருப்பது. அப்பாவின் புள்ளி மாறிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

பயாப்சி நாளன்று என்ன நடக்கும் என்பதை அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் போய்விடும். அட்மிட் ஆகத் தேவையிருக்காது. பாதத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி மட்டும் உள்ளங்காலில் நன்றாகவே வலிக்கும், அதை மறைக்க வேண்டாம். அதன்பிறகு எடுப்பது தெரியாது. சின்னதாக இருந்தால் புள்ளியை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது. இந்த அளவுக்கு இருக்கும்போது, தைப்பதற்கு இடம் போதாது என்று தோன்றினால், ஒன்றிரண்டு இடத்திலிருந்து மட்டும் எடுப்பார்கள். எந்த இடம் என்பதை டெர்மோஸ்கோப் காட்டிக் கொடுக்கும்: மேட்டுப் பட்டை தெளிவாக இருக்கும் இடம், நீலமும் சாம்பலும் தெரியும் இடம். லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குப் பட்ட ஓரத்தில் கிள்ளி எடுத்தால் ரிப்போர்ட் தவறாக "ஒன்றுமில்லை" என்று வரக்கூடும். மேலோட்டமாகச் சீவி எடுப்பதையும் தவிர்ப்பது நல்லது, ஆழத்தை அளக்க முடியாமல் போய்விடும்.

ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலில் தையல் பிரிக்க இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை சேற்றில் இறங்கக் கூடாது. இதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பயாப்சியைவிடக் கஷ்டமாக இருக்கப்போகிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் கட்டும் வேலையை முன்கூட்டியே வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

அந்த டாக்டரிடமே எடுத்துக்கொள்ளலாம், சந்தேகத்தைச் சரியாகச் சொன்னவர் அவர்தான். செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். ஒருவேளை புற்றுநோய் என்று வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளுக்கு இடம் உண்டு. கார்டு இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் ஆழத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சுற்றிலும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள், மேல்தோலோடு நின்றிருந்தால் அதைவிடக் குறைவாகவே போதும். கொஞ்சம் ஆழமாக இருந்தால் தொடை இடுக்கில், நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியையும் எடுத்துச் சோதிப்பார்கள். இதற்கு மேல் இப்போது நீங்கள் யோசிக்க வேண்டாம்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து கன்னத்தில் அதே அளவில், அதே நிறத்தில் இருக்கும் மச்சத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அம்மாவின் முகத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கருப்பு மருக்கள் நம் தோலில், குறிப்பாகப் பெண்களுக்கு, வயதாகும்போது மிகச் சாதாரணமாக வருபவை. அவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வையுங்கள். அந்த மருக்களுக்கு நடுவில் ஏதாவது ஒன்று மட்டும் தனியாகப் பளபளப்பாக, ஓரம் உருண்டு, நடுவில் பக்குக் கட்டி, முகம் துடைக்கும்போது ரத்தம் கசிந்து, ஆறி, மறுபடி கசிந்தால் அதைக் காட்டுங்கள். மூக்கைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் வரும் பேசல் செல் கார்சினோமா என்ற புற்றுநோய் நம் தோலில் பெரும்பாலும் கருப்பாகத்தான் இருக்கும், அதனால் மரு என்றே நினைத்துவிடுவோம். டெர்மோஸ்கோப்பில் அதன் நீலச் சாம்பல் திட்டுகளும் மரக்கிளை போலப் பிரியும் ரத்தக் குழாய்களும் மருவிலிருந்து எளிதாகப் பிரித்துக் காட்டிவிடும். இந்தப் புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும்.

குடும்பத்தில் எல்லாரும் வருடா வருடம் லென்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத எல்லாருக்கும் தோலைச் சோதிப்பதால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவே 2023-ல் சொன்னது. மெலனோமா நம்மைவிடப் பல மடங்கு அதிகமுள்ள நாடு அது. நமக்கு வேண்டியது மாதம் ஒரு தடவை, குளித்து முடித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரல் இடுக்கு, உள்ளங்கை, இருபது நகம் இவற்றைப் பார்ப்பது. அப்பாவுக்குக் குனிந்து பார்க்க முடியாது, நீங்களோ அம்மாவோ பார்த்துச் சொல்லலாம். நகத்தில் நீளவாக்கில் கருப்புக் கோடு நம் தோல்காரர்களுக்குச் சாதாரணம்தான், பல நகங்களில் இருந்தால் பெரும்பாலும் பயம் வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போனாலோ, கருப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்கு இறங்கினாலோ காட்ட வேண்டும். அடிபட்ட ரத்தம் என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்துகொண்டே போகும், அதை வைத்துப் பிரித்துவிடலாம். பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து ஆறாமல் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது, அங்கே வேறு வகைத் தோல் புற்றுநோய் வரலாம். சிறுநீரக மாற்று போன்ற அறுவை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரிடமே தவறாமல் காட்டிக்கொள்வது நல்லது. தோலை லென்ஸில் காட்டப் போகும்போது மருதாணியும் நகப்பூச்சும் இல்லாமல் போங்கள், அவற்றின் நிறத்தில் எல்லாம் மறைந்துவிடும்.

கடைசியாக, பயாப்சி ரிப்போர்ட்டைப் பற்றி. காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள், பாரஃபின் பிளாக் என்று கேட்டால் தெரியும். அதையும் கண்ணாடிச் சில்லுகளையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் மறுபடி வெட்டாமல் அதை வைத்தே இன்னொரு பேத்தாலஜி மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். டெர்மோஸ்கோப்பில் தெரிந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறாரா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் அதையும் பேத்தாலஜி மருத்துவருக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த இடத்தை வெட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்ய அவருக்கு உதவும். ரிப்போர்ட் "சாதாரண மச்சம்" என்று வந்து, புள்ளியில் ஒரு பகுதியை மட்டும்தான் எடுத்திருந்தார்கள் என்றால், மீதியை என்ன செய்வது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மெலனோமா என்று வந்தால் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், மேலே புண்ணாகியிருக்கிறதா, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள், அந்த மூன்று வரிகளையும் ரிப்போர்ட்டில் இருப்பது போலவே எழுதி அனுப்புங்கள்.